ஆடி முடியும்போது யார் வந்தார்கள், எது பூத்தது? பருவக் குறிப்பு எழுதப் பழகுவோருக்கு

வலசைப் பறவை என்றதும் நம்மில் பலருக்கு மார்கழியும் தையும்தான் நினைவுக்கு வரும். ஏரி நிறைந்திருக்கும், பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும், நாளிதழில் படம் வரும். ஆனால் பறவைகள் அதற்கு நான்கு மாதம் முன்பே வரத் தொடங்கிவிடுகின்றன. ஆகஸ்ட் மாதத்திலேயே பழவேற்காட்டின் சேற்றுத் திட்டுகளிலும் கோடியக்கரையின் உப்பளங்களிலும் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வந்த உள்ளான்கள் என்ற நீரோரப் பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும். அதே வாரங்களில் வேலியோரம் செங்காந்தள் கொடியேறிப் பூத்திருக்கும். ஆண்மயில்கள் தோகை இறகுகளை உதிர்த்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் விடாமல் கூவிய குயில் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வரும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அதில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். கோடை முதிர்ந்து மழைக்காலம் பிறக்கும் இந்தச் சந்திப்பில் உங்கள் ஊர்க் குளத்தையும் புறம்போக்கு நிலத்தையும் பார்த்து நீங்கள் எழுதிவைக்கும் குறிப்புகளுக்கு என்ன மதிப்பு, அவற்றை எப்படி எழுதினால் இன்னொருவருக்கும் பயன்படும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் பாதி வேலையைச் செய்துவிடலாம், ஏனென்றால் பூக்களுக்கு அது தேவையே இல்லை.

தேதிதான் செய்தி

"எங்கள் குளத்தில் பவளக்காலி பார்த்தேன்" என்று சிவந்த கால் உள்ளான் ஒன்றைப் பற்றி ஒருவர் சொன்னால் அது ஒரு தகவல். "ஜூலை தொடக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை இந்தக் குளத்துக்குப் போகிறேன், ஆகஸ்ட் 24 வரை இல்லை, 31ஆம் தேதி மூன்று இருந்தன" என்று சொன்னால் அதன் எடையே வேறு. முதல் வாக்கியத்தை வைத்து ஒன்றும் கணக்குப் போட முடியாது. இரண்டாவதை அடுத்த ஆண்டோடு ஒப்பிடலாம், பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிடலாம், இருபது ஆண்டு கழித்து உங்கள் பேத்தியின் குறிப்போடும் ஒப்பிடலாம்.

முதல் பூ, முதல் தளிர், வலசை வருகை, கூடு கட்டுதல், காய் முற்றுதல் என்று உயிர்களின் வாழ்வில் ஆண்டுதோறும் திரும்பி வரும் நிகழ்வுகள் எந்த நாளில் நடக்கின்றன, ஏன் அப்போது நடக்கின்றன, அந்த நாள் முன்னே பின்னே நகர்கிறதா என்று பார்ப்பதைப் பருவ நிகழ்வியல் என்கிறார்கள். அறிவியல் உலகில் பினாலஜி என்று அழைக்கப்படுவது இதுதான். ஆய்வகம், படிப்பு, பட்டம் எதுவும் இல்லாதவர்கள் தங்கள் பங்கை முழுமையாகச் செய்யக்கூடிய துறைகள் மிகக் குறைவு. அவற்றில் இது முதலாவது என்று நான் நம்புகிறேன்.

வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தன் தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் முதல் பூ எப்போது பூத்தது, மரங்கள் எப்போது துளிர்த்தன, தகைவிலான் எப்போது வந்தது, தவளை எப்போது கத்தியது என்று எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த நாள்களை அரசவையினரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கித் தொகுத்திருக்கிறார்கள். அந்த நெடிய வரிசையில் மிகவும் முந்திப் பூத்த ஆண்டுகளில் ஒன்று 2021. அந்த ஆண்டு மார்ச் 26ஆம் தேதியே முழு மலர்ச்சி வந்துவிட்டது. புவி வெப்பமாகிறது என்பதற்கு இந்தக் குறிப்புகள் இன்று சான்றாக நிற்கின்றன. எழுதியவர்கள் யாரும் அதை நினைத்து எழுதவில்லை. பூப்பார்க்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள், அவ்வளவுதான். தேதி போட்டு எழுதியதால் மற்றது தானாக நடந்தது.

உயிர்கள் எதைப் பார்த்து நாள் குறிக்கின்றன?

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் குறிப்பேட்டில் எதை எழுத வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நீண்ட தூரம் பறக்கும் பறவைகள் பெரும்பாலும் பகல் பொழுதின் நீளத்தையும் உடலுக்குள் ஓடும் ஆண்டுச் சுழற்சியையும் நம்பிப் புறப்படுகின்றன. பகல் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. அதனால் அவை வரும் நாளும் ஓரளவு நிலையாக இருக்கும். பூச்சிகளும் குளிர்நாட்டுச் செடிகளும் வெப்பத்தைப் பார்த்து நடக்கின்றன. வெப்பம் கூடினால் அவை முந்திக்கொள்ளும். நம்மைப் போன்ற வறண்ட வெப்ப நாட்டில் மிகப் பல சிறு செடிகளுக்கு மழைதான் அழைப்பு. ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் தரிசு நிலத்தின் முகமே மாறிவிடும்.

இந்த அழைப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒன்று நகர்ந்து இன்னொன்று நகராவிட்டால்தான் ஆபத்து. நெதர்லாந்தில் ஆய்வு செய்யப்பட்ட ஓர் ஈப்பிடிப்பான் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் அந்தச் சிறு பறவை வசந்தத்தில் வடக்கே வந்து கம்பளிப்புழுக்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். வசந்தம் சூடாகிக்கொண்டே போனதால் புழுக்கள் பெருகும் நாள் முந்திவிட்டது. பறவையால் அந்த வேகத்துக்கு முந்த முடியவில்லை. புழுக்கள் மிக முன்னதாகப் பெருகிய காடுகளில் இருபது ஆண்டுகளில் அந்தப் பறவை 90 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டதாக 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. காட்டை யாரும் வெட்டவில்லை, பறவையை யாரும் சுடவில்லை. நாள் தப்பியது, அதுதான் காரணம்.

மழையை நம்பிப் பூப்பதில் உள்ள இடர்ப்பாட்டை நம் பழைய கவிதையே கவனித்திருக்கிறது. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. வாடும் தலைவியிடம் தோழி சொல்கிறாள்: இது காரே அல்ல, காலமில்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பி இந்தக் கொன்றை மரங்கள் பேதைமையால் பூத்துவிட்டன. தேற்றுவதற்காகச் சொன்ன சொல்தான். ஆனாலும் மழை, பூ, பருவம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்களால்தான் இப்படி ஒரு தேறுதலைக் கற்பனை செய்ய முடியும். அந்தப் பார்வையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பூவை எழுதும்போது மழையையும் எழுதுங்கள். கடைசியாக எப்போது பெய்தது, தூறலா, தேங்கும் அளவா என்று ஒரு வரி போதும்.

குளக்கரையில் எதை எதிர்பார்க்கலாம்

உள்ளான்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பருவத்தில் அவற்றைப் போலச் சொல்ல நிறைய வைத்திருக்கும் பறவைகள் வேறு இல்லை. துருவப் பகுதியில் கோடை மிகக் குறுகியது. ஜூனில் முட்டையிட்டு ஜூலையில் குஞ்சு பொரித்து முடித்தாக வேண்டும். வேலை முடிந்த பறவை அங்கே காத்திருப்பதில்லை. வளைமூக்கு உள்ளானில் ஆண் அடைகாப்பதே இல்லை. அதனால் அது முதலில் தெற்கே கிளம்பிவிடும். பிறகு தாய்ப்பறவைகள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் கடைசியில், பெற்றோர் துணையின்றி, தாங்களாகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேருகின்றன. ஆகஸ்டில் நம் கடற்கரையில் நிற்கும் வளைமூக்கு உள்ளானைக் கவனித்துப் பாருங்கள். வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது வளர்ந்த பறவை, இனப்பெருக்கக் காலத்து இறகுகளை மாற்றிக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் வாக்கில் முதுகு இறகுகளின் ஓரம் வெளிறி, செதில் செதிலாக, புத்தம்புதிதாகத் தெரியும் பறவைகள் வந்தால் அவை இளையவை. நவம்பரில் போனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். அப்போது இந்த வேறுபாட்டைப் படிக்க முடியாது. வளர்ந்தவை எந்த வாரம், இளையவை எந்த வாரம் என்று இரண்டு தேதிகளை நீங்கள் எழுதிவிட்டால் அது தேர்ந்த பறவை ஆர்வலரின் குறிப்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உள்ளான்களிலும் அவற்றின் உறவினங்களிலும் முந்தைய ஆண்டு பிறந்த பல பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் நம் கடற்கரையிலேயே தங்கிவிடும். ஜூன் கடைசியில் கோடியக்கரையில் ஒரு பவளக்காலியைப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டு வலசை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று எழுதிவிடக்கூடாது. மே, ஜூன், ஜூலையிலும் அங்கே போய்ப் பார்த்து எண்ணிக்கை எழுதியவருக்குத்தான் ஆகஸ்டில் கூடியது தெரியும்.

கடற்கரை பக்கத்தில் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். ஊர்க் குளம், வாய்க்கால், கழிவுநீர் ஓடை எதுவானாலும் சரி, நீரோரத்தில் தனியாகப் பின்பாகத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடக்கும் சிறிய பழுப்பு உள்ளான் ஒன்று ஆகஸ்டில் வந்து சேரும். அதன் மார்பின் வெள்ளை, தோளை ஒட்டி மேலே ஓர் ஆப்பு போல ஏறியிருக்கும். அதைப் பார்த்தால் ஐயமே வேண்டாம்.

அடுத்தது வாலாட்டிகள். கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேல் தடித்த வெள்ளைப் புருவத்தோடு, ஆற்றுப் பாறையிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இனிமையாகப் பாடும் பெரிய வாலாட்டி நம்மூர்ப் பறவை. அது எங்கும் போவதில்லை, எங்கிருந்தும் வருவதில்லை. வருவது மற்றவை. நீலகிரி, வால்பாறை, ஏற்காடு போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் கருஞ்சாம்பல் வாலாட்டியை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். முதுகு சாம்பல், அடிப்புறம் மஞ்சள், உடலைவிட நீளமாகத் தெரியும் வால். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடுகட்டிவிட்டு ஆகஸ்ட் பிற்பகுதி முதலே தெற்கு மலைகளின் ஓடைகளுக்கு வரத் தொடங்கும். ஓடைக்கரையில் கூர்மையாக இரட்டை ஒலி எழுப்பிக்கொண்டு பறக்கும் என்பதால் கண்ணுக்கு முன் காதே கண்டுபிடித்துவிடும். எனக்கு இந்தப் பருவத்தின் அடையாளமே அந்த ஒலிதான். சமவெளிக்காரர்கள் செப்டம்பரிலிருந்து வயலில் மாடுகளின் காலடியில் ஓடித் திரியும் மஞ்சள் வாலாட்டியைத் தேடலாம்.

பழுப்புக் கீச்சான் இன்னொரு நல்ல தொடக்கப் பறவை. சைபீரியா, மங்கோலியா, வடசீனம் ஆகிய பகுதிகளிலிருந்து செப்டம்பரில் வரும். செம்பழுப்பு உடல், கண்ணின் மேல் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெளிறிய புருவம். புதர் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும். வந்த புதிதில் இடம்பிடிக்கும் சண்டை நடப்பதால் விடியலிலும் அந்தியிலும் கரகரவென்று கத்தும். டிசம்பரில் அவ்வளவு கத்தாது. முதல் வருகையைக் குறிக்க இதைவிட வசதியான பறவை கிடைக்காது. ஒரே பறவை ஆண்டுதோறும் அதே தோட்டத்துக்குத் திரும்புவதும் உண்டு. உங்கள் தெருவில் சென்ற ஆண்டு உட்கார்ந்த அதே முருங்கையில் இந்த ஆண்டும் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்தால் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். நம்மூரிலேயே தங்கி வாழும் கீச்சான்களும் இருக்கின்றன என்பதால், முதல் ஓரிரு முறை படத்தை யாராவது தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக அமரும் நாள், நீலவால் பஞ்சுருட்டான்கள் வானத்தில் உருளும் குரலோடு கூட்டமாகக் கடக்கும் நாள் ஆகியவையும் பெரும்பாலும் புரட்டாசிக்குள் வந்துவிடும். சோளப்பட்சி, சூறைக்குருவி என்றெல்லாம் அழைக்கப்படும் இளஞ்சிவப்பு மைனா குஜராத் பக்கம் ஜூலை கடைசியிலேயே தலைகாட்டும். நம்மூருக்கு வர இன்னும் பல வாரம் பிடிக்கும். எனவே வடநாட்டுக்காரர் போட்ட தேதியை வைத்து உங்கள் ஊரில் தாமதம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இருப்பவர்களை மறந்துவிடுவோம். காக்கையின் பின்னாலேயே பறந்து வாய்பிளந்து இரை கேட்கும் புள்ளிபோட்ட பறவையைப் பார்த்தால், அது காக்கை வளர்த்த குயில் குஞ்சு. குயிலின் கூவல் கடைசியாக எந்த நாள் கேட்டது என்பதும் ஒரு பருவக் குறிப்புதான். ஆனால் கடைசி நாளைக் குறிப்பது முதல் நாளைக் குறிப்பதைவிடக் கடினம். இதுதான் கடைசி என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. அதற்கு ஒரே வழி, கேட்ட ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டுவைப்பது. தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்தால் எண்ணிக்கையோடு நிலையையும் எழுதுங்கள். ஆண் பாதி கட்டியதும் நிறுத்திவிட்டுப் பெண்ணை அழைக்கும். அப்போது கூடு தலைக்கவசம் போல அடிப்பக்கம் திறந்திருக்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் நீண்ட குழாய் வாசல் வரை கட்டி முடிக்கும். பாதிக் கூடு எத்தனை, முழுக் கூடு எத்தனை என்று வாரம் ஒருமுறை எழுதினாலே கதை புரிந்துவிடும்.

வேலியோரத்திலும் தரிசிலும்

செங்காந்தளைத் தெரியாத தமிழர் குறைவு. நம் மாநில மலர். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். மலர் விரியும்போது பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். நாளாக ஆகச் சிவப்பு மேலேறி முழுதும் செந்தழலாகிவிடும். ஆகவே ஒரே கொடியில் நிறங்களைப் பார்த்து எந்தப் பூ முந்தியது என்று சொல்லலாம். கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

செங்காந்தளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். பயிர் நீர் பாய்ச்சிப் பந்தலில் ஏற்றியது. அது பூக்கும் நாளை விவசாயி தீர்மானிக்கிறார், மழையல்ல. அந்தப் பக்கம் குறிப்பெடுப்பவர்கள் காட்டுக்கொடியா, தோட்டத்துக்கொடியா என்று பிரித்து எழுதாவிட்டால் அந்தத் தேதியால் பயனில்லை.

குறிஞ்சியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது; 2006இலும் 2018இலும் மேற்குமலையில் பெரும் பரப்பில் பூத்தது. அதே கணக்கில் அடுத்த பெரும் மலர்ச்சி 2030இல், ஆகஸ்டை ஒட்டித் தொடங்கும். ஆனால் எல்லா மலைச்சரிவும் ஒரே ஆண்டை வைத்துக்கொள்வதில்லை. சில திட்டுகள் வேறு ஆண்டில் பூக்கும். குறிஞ்சியின் உறவினச் செடிகள் பலவற்றுக்கு ஆண்டுக்கணக்கும் வேறு. இடையில் எங்காவது நீலமாகப் பூத்தால் "குறிஞ்சி தப்பிப் பூத்தது" என்று பரபரப்பாக்குவதைவிட, இலையும் பூவும் தெரியும்படி படமெடுத்து இடத்தையும் நாளையும் எழுதுவது ஆயிரம் மடங்கு பயன் தரும். பறிக்கவே கூடாது, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த செடி ஒரே முறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும். அந்த விதையிலிருந்துதான் அடுத்த தலைமுறை முளைக்க வேண்டும்.

பெரிய பெயர்களை விட்டுவிட்டுக் காலடியைப் பார்த்தால் இன்னும் நிறைய கிடைக்கும். ஈரம் பட்ட இடத்தில் கானாவாழையின் நீலம் காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். மண்ணுக்கு அடியிலும் விரியாத பூக்களை வைத்து விதை செய்துகொள்ளும் விந்தைச் செடி அது. விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை, நெருஞ்சி, தும்பை எல்லாம் ஒரு மழைக்குப் பிறகு வரிசையாக வரும். சென்னைப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை பெய்வதால் இவை முந்தும். வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் தெற்கு மாவட்டங்களில் பல செடிகள் ஐப்பசி வரை காத்திருக்கும். மூக்குத்திப்பூ ஆண்டு முழுவதும் பூக்கும் அயல்நாட்டுச் செடி. அதன் முதல் பூவுக்குத் தேதி தேட வேண்டாம்.

செடிக்குக் குறிப்பெழுதும்போது "பூத்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. மொட்டு, விரிந்த பூ, காய், உலர்ந்த காய் என்று நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று எழுதுங்கள். மரங்களுக்காக 2010 வாக்கில் இந்தியாவில் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டம் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை தாங்கள் தேர்ந்த மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் மூன்றுக்கும் இப்படிக் குறிக்கிறார்கள். எளிய முறை. எண்ணத் தேவையில்லை என்பதால் யாரும் சலித்து விட்டுவிடுவதில்லை.

"இல்லை" என்று எழுதுவது

புதிதாக வருபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். முதல் வருகைத் தேதி என்பது பறவையின் தேதி மட்டுமல்ல, பார்த்தவரின் தேதியும்கூட. வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில்தான் குளத்துக்குப் போகிறார்கள். அதனால் முதல் வருகைகள் சனி, ஞாயிறுகளில் குவிந்துவிடுகின்றன. பறவைக்குக் கிழமை தெரியாது. அதேபோல ஓர் ஊரில் இருவர் பார்த்த இடத்தில் இருபது பேர் பார்க்கத் தொடங்கினால் முதல் தேதி தானாக முந்தும். பறவை முந்தி வந்ததாகப் பொருளில்லை.

இதைச் சரிசெய்ய ஒரே மருந்து, போன நாள்களையெல்லாம் எழுதுவது. பார்க்காத நாளும் குறிப்புதான். எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா என்ற மூன்று தகவலும் சேர்ந்தால், அந்தப் பட்டியலில் பழுப்புக் கீச்சான் இல்லை என்பதே "அன்று கண்ணில் படவில்லை" என்ற உறுதியான செய்தியாகிவிடும். பறவைப் பட்டியல்களைப் பதிவதற்காக 2002இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளம் ஒவ்வொரு பட்டியலிலும் இதைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. பின்பு ஆய்வாளர்கள் முதல் தேதியை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வாரம் எழுதப்பட்ட நூறு பட்டியல்களில் எத்தனையில் இந்தப் பறவை இருந்தது என்று பார்க்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் பதினைந்து, அக்டோபரில் நாற்பது என்று அது ஏறும் விதம்தான் வருகையின் உண்மையான வடிவம். காக்கை, மைனா, கொக்கு என்று தினம் பார்ப்பவற்றையும் விடாமல் எழுதச் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் வலசை வருகைக்காகவே 2007இல் மைக்ரண்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியது. அந்தப் பணி பிற்பாடு இ-பேர்டோடு இணைந்துவிட்டது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடித்தளம் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். சம்பளம் வாங்காமல், குளக்கரையில் நின்று எழுதியவர்களின் குறிப்புகள். பொங்கலை ஒட்டிய பறவைக் கணக்கெடுப்புக்கு நம் மாநிலத்தில் நல்ல வரவேற்பு இருக்கிறது. அந்த உற்சாகத்தில் பாதியாவது ஆவணிக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஏற்கெனவே வந்து தங்கிவிட்ட பறவைகளைத் தை மாதத்தில் எண்ணலாம். அவை எப்போது வந்தன என்பதைத் தையில் தெரிந்துகொள்ள முடியாது.

தொடங்குவதற்கு

வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளமோ, கோயில் நந்தவனமோ, கல்லூரி வளாகமோ, இரயில் பாதையை ஒட்டிய தரிசோ எதுவானாலும் சரி. அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை, அடிக்கடி போக முடிந்த இடமாக இருக்க வேண்டும். அங்கே மூன்று பறவைகளையும் மூன்று செடிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஜூலை கடைசியில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் போதும். முடிந்தால் ஒரு வாரம் சனி, ஒரு வாரம் புதன் என்று நாளை மாற்றிப் போங்கள்.

தெரியாத செடிக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படமேற்றினால் பிறர் பெயர் சொல்ல உதவுவார்கள். பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, முழுச் செடி மூன்றையும் எடுங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பறவையின் பெயரை ஊகிக்கும். ஊகம்தான், பறவையைக் கண்ணால் பார்க்காமல் அதை மட்டும் நம்பிப் பதியாதீர்கள். கைபேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் வேண்டாம். நீண்ட பயணம் முடித்து எலும்பும் தோலுமாக வந்திறங்கிய பறவைக்கு இரை தேடும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இல்லாத எதிரியைத் தேடி அது அலையக் கூடாது. கூடு இருக்கும் இடத்தையும், ஆந்தை பகலில் அடையும் மரத்தையும், அரிய செடி முளைத்த சரியான இடத்தையும் பொதுவில் போடாதீர்கள். மாவட்டப் பெயர் வரை போதும்.

புரட்டாசி முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குளத்தின் நீர்மட்டம் ஏறிச் சேற்றுக்கரை மூழ்கிவிடும், உள்ளான்கள் வேறிடம் நகரும். அன்றைய நீர்மட்டத்தையும் எழுதிவிடுங்கள். பறவை ஊரை விட்டுப் போனதா, கரை மறைந்ததால் பக்கத்துக் குளத்துக்குப் போனதா என்பதை அடுத்த ஆண்டு அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.